பேராசிரியர் வீட்டில் கரண்ட் போன நாள்

யோகஸ்தாவுக்குப் புள்ளியியல் இடைத்தேர்வில் பூஜ்யம். பாடம் தெரியாமல் அல்ல. பாதித் தேர்வில் மோக்கா ஊரில் அவள் தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. கொரோனா வந்ததிலிருந்து பல்கலைக்கழகம் பூட்டிக் கிடந்தது. தேர்வெல்லாம் வீட்டிலிருந்தே, கேமரா முன்னால். இணைப்பு அறுந்தால் அறுந்ததுதான் என்பது பேராசிரியர் எவாரிஸ்தோவின் சட்டம். அவள் மின்னஞ்சலில் கெஞ்சியதற்கு, மின்வெட்டு இந்த நாட்டுக்குப் புதிதா, முன்னேற்பாடு செய்திருக்க வேண்டாமா என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

அந்த மனிதரே ஒரு நாள், இணையத் தேர்வுகளைப் பற்றி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கத் திரையில் கூட்டம் போட்டார். மேலிடத்தில் யாரோ கேட்கச் சொல்லியிருப்பார்கள் என்று யோகஸ்தா நினைத்துக்கொண்டாள். அம்மா மிரேயா முன்னறையில் பார்லர் நடத்தினாள். முடி உலர்த்தும் கருவியின் இரைச்சல் கொஞ்சமாவது குறைந்து கேட்பது சமையலறையில்தான். வறுத்த சலாமி இறைச்சித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அங்கேயே மடிக்கணினியைத் திறந்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது சார் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று எவாரிஸ்தோவின் முகம் வாய் திறந்தபடி உறைந்து, மறைந்துபோனது.

“அவர் வீட்டுல கரண்ட் போயிருச்சு,” என்றான் வில்கின், முதலாண்டிலிருந்து அவளோடு படிப்பவன். “பாவம், முன்னேற்பாடு பண்ணல போல.”

சிரிப்பு அடங்கியதும் எல்லோருக்கும் வாய் திறந்துகொண்டது. வீட்டில் அமைதியான இடம் குளியலறைதான் என்பதால் அங்கே உட்கார்ந்து எழுதியதாக ஒருவன் சொன்னான். மேலே பார்த்துக் கடவுளை வேண்டிக்கொண்டவளைக் கேமரா காப்பியடித்தவளாக்கிவிட்டது. தேர்வறையில் படித்ததெல்லாம் மறந்துபோகும் ஒருத்திக்கோ வீட்டில் எழுதுவதுதான் நிம்மதி. பஸ்ஸில் நசுங்க வேண்டியதும் இல்லை. இதற்கிடையே ‘குட்டி இளவரசி’ என்ற பெயரில் யாரோ உள்ளே வந்தார்கள். தூங்கி எழுந்து தாமதமாக வருகிறவள் யாரோ என்று நினைத்து யோகஸ்தா அதைக் கண்டுகொள்ளவில்லை.

“அவர மட்டும் குத்தம் சொல்லாதீங்க,” என்றாள் யோகஸ்தா. “நாமளும் யோக்கியமில்ல. வாட்ஸ்அப்புல வந்த தப்பான விடையவே பாதிப் பேர் எழுதினோம். காப்பியடிக்கிற மாதிரி கேள்வி கேட்டா காப்பிதான் அடிப்போம். அவங்கவங்க தெருவப் பத்திக் கேக்கட்டுமே. எங்கம்மா பார்லர்ல ஆளுங்க எவ்வளவு நேரம் காத்திருக்காங்கன்னு கேட்டா, வில்கின் எனக்கு என்னத்த அனுப்புவான்?”

“அந்தத் தப்பான விடைய முதல்ல அனுப்பினது யாரு?” என்று கேட்டது குட்டி இளவரசி, எவாரிஸ்தோவின் கனத்த குரலில்.

கேமராக்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

“நான்தான் சார்,” என்றான் வில்கின் கடைசியில். “நல்ல மனசோடதான் அனுப்பினேன்.”

அவர் சிரித்தார். அவர் சிரித்து அவர்கள் கேட்டதே இல்லை. வீட்டுல கரண்ட் இல்ல, கார்ல உக்காந்து சார்ஜ் போட்டுப் பேசறேன், இது என் மகளோட போன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “யோகஸ்தா, உனக்கு நான் அப்படி எழுதியிருக்கக் கூடாதும்மா,” என்றார்.

இணைப்பு அறுந்தவர்களுக்கு மறுதேர்வு வைத்தார். இறுதித் தேர்வுக்கு வினாத்தாளே இல்லை. அவரவர் தெருவில் எதையாவது கணக்கெடுத்து, திரையில் வந்து விளக்க வேண்டும்.

யோகஸ்தா சனிக்கிழமை முழுக்க பார்லரில் உட்கார்ந்து, தலையில் முடிச்சுருட்டியோடும் முகத்தில் கவசத்தோடும் காத்திருந்த பெண்களைக் கேட்டு எழுதினாள். அவள் கேட்காமலேயே சிலர் வந்து சொன்னார்கள். அரை மணி என்று அம்மா சொன்னால் சராசரியாக இரண்டு மணி நேரம் என்று கணக்கு காட்டியது. அதை அவள் எவாரிஸ்தோவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, கையில் சீப்போடு மிரேயா பின்னாலிருந்து திரைக்குள் தலையை நீட்டினாள்.

“அரை மணின்னா சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றது சார். அதப் போய் இவ கணக்குல சேத்துட்டா.”

நியாயம்தான் என்று ஒப்புக்கொண்ட எவாரிஸ்தோ, தன் மனைவியின் முடிக்கு எவ்வளவு நேரமாகும் என்று விசாரித்தார். யோகஸ்தா தன் மதிப்பெண்ணைக் கேட்க, அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.