ஓர் இதழைப் பிய்த்துப் பார்க்கவும்

1

இந்தக் கதை ஒரு தோல் டாக்டரின் கிளினிக்கில் கிடைத்தது. திண்டுக்கல்லில், முழங்கை அரிப்புக்காக டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையில் ஒரு பெண். முந்தானையால் முகத்தைச் சுற்றியிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது. இமைகள் தடித்துக் கறுத்திருந்தன. அதே வரிசையின் கடைசி நாற்காலியில் ஓர் ஆள். இருவருக்கும் நடுவில் எல்லாம் காலி. அவள் பெயரைக் கூப்பிட்டதும் அவரும் எழுந்தார், தள்ளியே நடந்து உள்ளே போனார். சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது அவள் சொன்னது காதில் விழுந்தது.

"நீங்க முன்னால போங்க. காத்து இந்தப் பக்கம் அடிக்குது."

நான் கண்டதும் கேட்டதும் இவ்வளவுதான். மற்றதெல்லாம் புளுகு.

2

நான் எழுத வேண்டியது இந்தக் கதையே அல்ல. ஒரு கையேடு. கல்லூரியில் தாவரவியல் நடத்தும் நண்பர் ஸ்டான்லி கேட்டுக்கொண்டது. திண்டுக்கல் வட்டாரக் காட்டுப்பூக்களை அடையாளம் காண்பது எப்படி. முதல் பாகத்தில் சூரியகாந்திக் குடும்பமும் மணிப்பூக் குடும்பமும். மாதக்கணக்காக வரப்பு வரப்பாகக் குனிந்து பார்த்து முதுகு போய்விட்டது. எல்லாம் மஞ்சள், எல்லாம் ஒரே மாதிரி. இனி எவன் வீட்டுத் தோட்டத்தில் எது பூத்தால் எனக்கென்ன என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

கையேட்டில் நான் எழுதியதில் உருப்படியானது ஒரே ஒரு பத்தி:

'ஓர் இதழைப் பிய்த்துப் பார்க்கவும். அடியில் குட்டியாக ஒரு குழலும் விதையாகப் போகும் ஒரு முண்டும் ஒட்டிக்கொண்டு வந்தால், அது இதழல்ல, தனிப் பூ. நாம் ஒரு பூ என்று நினைத்தது நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு கூட்டம். அது சூரியகாந்திக் குடும்பம். இதழ்கள் அடியில் ஒன்றாகச் சேர்ந்து, ஒன்றை இழுத்தால் மொத்தமும் கிழிந்துகொண்டு வருகிற மணி போன்ற பூவாக இருந்தால், மணிப்பூக் குடும்பமா என்று பார்க்கலாம்.'

தொட முடியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

3

தொடக்கங்கள்:

ரெட்டியார்சத்திரத்துக்குத் தெற்கே, வானம் வெளுக்கும் முன்பே செவ்வந்திக் காட்டில் (வேண்டாம். வானம் வெளுக்காமல் ஒரு கதையும் தொடங்கக் கூடாதா?)

நாகஜோதி அழகி. (எனக்குத் தெரியாது. முகத்தை மூடியிருந்தாள்.)

நாகஜோதிக்குப் பார்த்தீனியம் ஆகவில்லை. சரி, இது போதும். வரப்பெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் அந்தச் செடியைக் களை பறித்ததில் தொடங்கிய அரிப்பு, கைக்கும் கழுத்துக்கும் போய், இமையில் வந்து நின்றது. டாக்டர் சொன்னார், "அந்தச் செடி மட்டும் இல்லம்மா. அதோட சொந்தக்காரச் செடி எதுவும் உங்களுக்கு ஆகாது. செவ்வந்தி, துலுக்கச் சாமந்தி எல்லாம் அதுல வரும். தொடாட்டியும், துணியில ஒட்டிக்கிட்டு வர்ற தூசியே போதும்."

அவள் புருஷன் சோலைமலை போட்டிருப்பது செவ்வந்தி. அதைத் தவிர வேறொன்றும் போடவில்லை. ஆயுத பூஜைக்கு எடுக்கிற மாதிரி நட்டது. இப்போதுதான் பூக்கத் தொடங்கியிருக்கிறது. (கிளினிக்கில் 'அவர்' என்று எழுதினேன். கதைக்குள் வந்ததும் 'அவன்' ஆகிவிட்டார். எழுதுகிறவர்களுக்கு இந்தத் திமிர் உண்டு.)

ஆக, செவ்வந்தி அந்த வீட்டில் இருக்க வேண்டும், அல்லது அவள் இருக்க வேண்டும். இது கதையல்ல, கணக்கு என்று தோன்றியபோது இரண்டு நாள் எழுதாமல் விட்டேன்.

4

தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் அவன். இந்தப் பக்கம், காற்று அடித்து வரும் பக்கத்தில், அவள். கையில் போன், கேமராவைப் பெரிதாக்கி வைத்திருக்கிறாள். எந்தெந்தப் பூவை விட்டு விலக வேண்டும் என்று தெரிந்தாக வேண்டும். பிய்த்துப் பார்த்தால்தான் தெரியும். அவள் பிய்க்க முடியாது. ஆகையால் அவன் வரப்பில் கிடைத்ததையெல்லாம் பறித்து வந்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுகிறான்.

"இது தாத்தாப்பூ. சின்னதுல தலையச் சுண்டி விளையாடுவோமே."

"பிச்சுக் காட்டுங்க."

பிய்த்தான்.

"அடியில முண்டு மாதிரி இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அதுவும் அந்த இனந்தான். தூரப் போடுங்க."

"இதுவுமா? இது என்ன பாவம் பண்ணுச்சு." போட்டான். "மல்லி?"

"மல்லி வேற. மல்லி தொடலாம்."

"அப்ப மல்லி போட்டிருக்கலாம்."

"போட்டிருக்கலாம். போடலியே."

அவன் அடுத்த பூவை எடுத்தான்.

(இந்தச் சோதனையை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று ஒரு வாசகர் கேட்பார். நான்தான். என் கையேட்டுப் பத்தி யாரோ அனுப்பி அவள் வாட்சப்புக்குப் போய்விட்டது. அச்சாகாத கையேடு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். அலுப்பாக இருக்கிறது.)

5

முடிவு, முதல் வடிவம்: சோலைமலை டிராக்டரை வரச் சொல்லி, பூக்கத் தொடங்கிய காட்டை உழுதுவிடுகிறான். எழுதி முடித்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. பூக்கிற வெள்ளாமையை உழுகிறவனை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அவன் அன்று இரவு சாப்பிட்டிருக்க மாட்டான் என்பதையும் எழுதியாக வேண்டும்.

இரண்டாம் வடிவம்: அவள் சின்னாளப்பட்டியில் தங்கை வீட்டுக்குப் போய்விடுகிறாள். தறிச் சத்தம், நூல், சாயம். கொஞ்ச நாளில் முகம் தெளிந்துவிடுகிறது. கண்ணாடி பார்க்கிறாள். அந்த முகத்தைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம் வருகிறது. இப்படியே இருந்தால்தான் நல்லது என்று எல்லோரும் சொல்லப்போகிறார்கள். வீட்டுக்குத் திரும்ப ஒரு காரணமும் மிச்சமில்லாதபடி அவள் குணமாகிவிட்டாள். இதை எழுதும்போது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

6

அவனிடம் அவளுக்குக் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கையேட்டின் இன்னொரு பாதியில் ஒன்று இருந்தது. மணிப்பூக் குடும்பத்தில், நீலமாக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பூ. அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. ஸ்டான்லிக்கு போன் செய்தேன்.

"சமவெளியில அது எங்க இருக்கு? சிறுமலைக்கு ஏறணும்."

"ஏறட்டும். அந்தப் பொண்ணு தொட்டா ஒண்ணும் ஆகாதே?"

"எந்தப் பொண்ணு?"

"கதையில வர்ற பொண்ணு."

"நான் டாக்டர் இல்ல. சூரியகாந்திக் குடும்பம் இல்ல, அம்புட்டுதான் சொல்ல முடியும். பக்கத்து வீடுன்னு வச்சுக்கங்க. கையேடு எப்ப வரும்?"

போனை வைத்துவிட்டேன்.

7

சோலைமலை சிறுமலைக்குப் போனான். யாருக்கோ வாழைத்தார் ஏற்றிவர. ரோட்டோரப் புல்லில் அந்த நீலப் பூவைப் பார்த்தான். ஒன்றைப் பிய்த்தான், முழுசாகக் கிழிந்துகொண்டு வந்தது. இன்னொன்றைக் காம்போடு கிள்ளி, வாடிவிடக் கூடாதென்று தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்து, அதில் பொதிந்து, வண்டி குலுங்கக் குலுங்க மடியில் வைத்துக்கொண்டு வந்தான். இவ்வளவு கவனமாக அவன் எதையும் கொண்டுவந்ததில்லை.

வீட்டு வாசலில், தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றான். குளித்துவிட்டுத்தான் வந்திருந்தான். வேட்டி மாற்றியிருந்தான்.

"இது அந்த இனம் இல்ல. நான் பிச்சுப் பாத்துட்டேன். பிடி."

அவள் போனை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். நீலம். ஒற்றைப் பூ. முந்தானையை முகத்திலிருந்து எடுத்தாள். தொட்டியைச் சுற்றி அவள் நடந்து வந்தது எத்தனையோ நாளைக்குப் பிறகு. கையை நீட்டினாள். அப்புறம் நின்றாள்.

"எந்தத் துண்டு அது?"

அவன் குனிந்து பார்த்தான். பூப் பறிக்கும்போது தலையில் கட்டுகிற துண்டு. ஈரத்தில் மஞ்சள் ஊறி, மடிப்பில் செவ்வந்தி இதழ்கள் ஒட்டியிருந்தன. நீலப் பூவின் மேலும் ஒன்று.

"கழுவிட்டு..." என்றான்.

"இன்னைக்குக் கழுவிரலாங்க. நாளைக்கு?" என்றாள். கையை மடக்கவில்லை. பின்னால் போகவும் இல்லை.

8

இங்கேதான் நிற்கிறேன். பூ சரியான பூ. அடையாளத்தில் தப்பே இல்லை. அதைத் துண்டிலிருந்து எடுத்து, அலசி, அவள் கையில் வைக்க இன்னொரு கை வேண்டும். என் கை ஆகாது. கையேட்டுக்காகக் காலையில்கூடச் செவ்வந்தியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கொடுத்துவிடுங்கள். அவள் கை நீண்டபடியே இருக்கிறது, அவன் துண்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறான். அதற்கு முன்னால் உங்கள் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். போன ஆயுத பூஜைக்கு உங்கள் வண்டிக்குச் செவ்வந்தி மாலை வாங்கிப் போட்டது நீங்கள்தானே.