பாதி காலியாக இருந்த டிஸ்க்

விடுமுறை முடிந்து வந்தவளை, அவள் பராமரிக்கும் கப்பல் கம்பெனி மெயில் சர்வர் ஒரே புலம்பலோடு வரவேற்றது: டிஸ்க்கில் இடமில்லை. திறந்து பார்த்தால் பாதி டிஸ்க் காலி. வாய் கூசாமல் பொய் சொல்லும் சர்வரை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"ஏம்மா, மாலுமிங்க வீட்டுலேருந்து போன் மேல போன். மெயில் போகவும் இல்ல, வரவும் இல்லயாம்," என்றாள் பணியாளர் பிரிவு அக்கா.

"பழைய பெரிய கோப்பு சிலத அழிச்சுப் பாத்துட்டேங்க்கா. அசைய மாட்டேங்குது."

"உன் வீட்டுக்காரர் எழுதினாரா?"

அவளுக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. அவனும் அந்தக் கம்பெனிக் கப்பல் ஒன்றில் இன்ஜினியர். ஒப்பந்தம் முடிகிற வாரம். இறங்குவதா, நீடிப்பதா என்று அவளைக் கேட்டு எழுதுவதாகச் சொல்லியிருந்தான். நடுக்கடலில் இருப்பவனோடு பேச மெயிலை விட்டால் வேறு வழியும் கிடையாது.

சட்டென்று உறைத்தது. ஒவ்வொரு கோப்புக்கும் டிஸ்க் ஓர் எண் கொடுக்கும். எண்கள் தீர்ந்துவிட்டால், இடம் எவ்வளவு கிடந்தாலும் புதுக் கோப்பு உள்ளே வராது. எந்தப் புண்ணியவான் இத்தனை எண்களைத் தின்றது என்று தேடினாள். ஒரே ஃபோல்டர். உள்ளே லட்சக்கணக்கில் வெற்றுக் கோப்புகள்.

எல்லாம் அவள் கைவேலை. அவன் கப்பலேறியதும் ஆசையில் ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தாள். அவனிடமிருந்து மெயில் வந்ததா என்று நொடிக்கொரு முறை எட்டிப் பார்க்கும். ஒழுங்காக ஓடுகிறதா என்று தெரிய, ஒவ்வொரு முறையும் ஒரு வெற்றுக் கோப்பைப் போட்டுவிட்டு வரும். அதை நிறுத்த மறந்தே போனாள். வந்தானா, வந்தானா என்று கேட்டுக் கேட்டே அவன் வரும் வழியை அடைத்திருக்கிறாள், பாவி.

புரோகிராமை நிறுத்திவிட்டு அத்தனையையும் அழித்தாள். கப்பல்களில் தேங்கிக் கிடந்த மெயில்கள் மடமடவென்று வந்து விழுந்தன. அவனுடையவை இரண்டு.

"இறங்கிடவா? வான்னு ஒரு வார்த்தை எழுது, போதும்."

அடுத்தது நேற்று எழுதியது. "கேப்டன் இன்னிக்கே முடிவு கேக்குறாரு. உன்கிட்டேருந்து ஒண்ணும் காணோம். கோவம்போல. சரி, இன்னும் ஆறு மாசத்துக்குக் கையெழுத்து போட்டுட்டேன்."

கண்ணீர் திரையை மறைத்தது. இப்போதே அவன் வேண்டும் போலிருந்தது.

"சரியாயிடுச்சாம்மா?" என்று அக்கா கேட்டாள்.

"ஆயிடுச்சுங்க்கா."

'வா' என்று அடித்து அனுப்பினாள். அந்த ஓர் எழுத்தை சர்வர் ஒரு முனகலும் இல்லாமல் வாங்கிக்கொண்டது.