ஒன்பது மணி நேரம் பத்து நிமிடம்

பயணிகள் வெளியே வரும் வாசலில் கூட்டம் வடிந்துவிட்டது. அண்ணனை மட்டும் காணோம். தேடிக்கொண்டு உள்ளே போனால், விசாரணை மேசை முன்னால் தன் பெட்டிமேல் உட்கார்ந்து வழக்காடிக்கொண்டிருந்தார்.

"இது என் தங்கச்சி ஊரு இல்லம்மா. அடுத்த விமானம் எங்க நிக்கும், அதைச் சொல்லு."

மேசைக்காரப் பெண் தமிழ்ப் பெண்தான்; பொறுமையும் அதிகம். "ஐயா, உங்க டிக்கெட்ல இருக்கிற ஊரு இதுதான்."

"டிக்கெட் கெடக்கட்டும். அங்க போக ஒண்ணரை நாள் ஆகும். ரெண்டு இடத்துல இறங்கி ஏறணும். நான் ஒரு தூக்கம் போட்டு எந்திரிக்கிறதுக்குள்ள இறங்குன்னா எப்படி? பாதி வழியில இறக்கிவிட இது என்ன டவுன் பஸ்ஸா?"

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

"ஒண்ணரை நாள்னு யாருங்கய்யா சொன்னது?"

"என் தங்கச்சிதான். பதினெட்டு வருஷமா அங்க இருக்கா, அவளுக்குத் தெரியாதா?"

அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது எனக்கு. அதற்குள் அண்ணன் பார்த்துவிட்டார்.

"அட பாப்பா! நடுவழிக்கே வந்துட்டியா? நானே மாறி ஏறி வந்திருப்பேனே!"

"இதுதாண்ணா நம்ம ஊரு. வந்து சேந்துட்டீங்க."

முகமெல்லாம் சிரிப்பு அவருக்கு. "அப்போ புது விமானம் விட்டிருக்கான் போல."

அவரே வழி காட்டிவிட்டார். நானும் நுழைந்துகொண்டேன். "ஆமாண்ணா. இப்பத்தான், புதுசா."

மேசைக்காரப் பெண் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டாள். "இல்லைங்கம்மா, பன்னிரண்டு வருஷமா இருக்கே! ஏழாயிரத்து இருநூறு கிலோமீட்டர், நேரா. ஒன்பது மணி நேரம் பத்து நிமிஷம்."

அண்ணன் தையல்காரர். நாற்பது வருடம் கழுத்தில் நாடாவோடு திரிந்தவர். ஓர் அளவை ஒரு தடவை கேட்டால் போதும் அவருக்கு.

"அம்மா போயி ஏழு வருஷம் ஆச்சு" என்றார்.

"ஆமாண்ணா."

"ஆஸ்பத்திரியில அஞ்சு நாள் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான்தான் சொன்னேன், 'ரொம்ப தூரம்மா, டிக்கெட்டும் கெடைக்கல, அவ என்ன பண்ணுவா பாவம்'னு. சரின்னு கேட்டுக்கிட்டாங்க."

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நெசமாவே கெடைக்கலையா பாப்பா?"

"கேக்கவே இல்லண்ணா."

"ஏன்?"

லீவு தரவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பெண் வேறு கம்ப்யூட்டரைப் பார்ப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா பொழைச்சிட்டா, 'கொஞ்ச நாள் நீ வச்சுப் பாரு'ன்னு எங்கூட அனுப்பிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

அண்ணன் பெட்டியிலிருந்து எழுந்தார். கைப்பிடியை நான் பிடித்தேன்.

"விடு. கனமா இருக்கு."

நான் விடவில்லை. அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, தானே இழுத்துக்கொண்டு நடந்தார். அந்தப் பெண்ணுக்குக் கும்பிடு போட மறக்கவில்லை. "தப்பா பேசிட்டேன், மனசுல வச்சுக்காதம்மா." அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? நான் தரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன்.

டாக்ஸி ஓட்டுநரும் தமிழர்தான். அண்ணன் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

"இவங்க வீட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருபது நிமிஷந்தாண்ணா" என்றேன் பின்னாலிருந்து.

அண்ணன் திரும்பவில்லை.

"டிரைவர் சார், நீங்க சொல்லுங்க."