ஈக்களுக்கு வந்த ஜாடை

இளங்கலை மரபியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி செய்முறைத் தேர்வுக்காக வளர்த்த பழ ஈக்கள், மூன்றாம் தலைமுறையில் அவளுடைய குடும்பத்தார் ஜாடையில் பிறந்தன. சிவப்புக் கண் பெண் ஈயையும் வெள்ளைக் கண் ஆண் ஈயையும் வாழைப்பழக் கூழ் ஊற்றிய சீசாவில் விட்டு, பஞ்சால் அடைத்து, பேரன் பேத்தி வரும்வரை காத்திருந்து கண்களின் நிறத்தை எண்ணுவதுதான் பாடம். நான்கில் மூன்று சிவப்பு, ஒன்று வெள்ளை என்று கணக்கு சரியாகவே வந்தது. ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால், ஒரு ஈ தாய்மாமனைப் போல வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. இன்னொன்று பேருந்து ஓட்டும் அப்பாவைப் போல இடம் வலம் திரும்பாமல் நேரே பார்த்தபடி இருந்தது. மற்றொன்று, சண்டைக்கு முன்னால் அத்தை செய்வதுபோல, கையைத் தேய்த்துக்கொண்டு சீசாவின் வாயிலேயே உட்கார்ந்திருந்தது. அவள் பேராசிரியையைக் கூப்பிட்டுக் காட்டினாள். "கண்ணை மட்டும் பாரும்மா, மூக்குக்கெல்லாம் மார்க் கிடையாது" என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

விஷயம் தெரிந்ததும் சொந்தபந்தம் முழுக்க ஆய்வகத்துக்கு வந்து வரிசை கட்டியது. மாமா தன் ஈயைப் பார்த்துப் பூரித்துப்போய் அதற்குத் தனிச் சீசா கேட்டார். அம்மாவின் ஜாடையில் இருந்த ஈ, சிந்திக் கிடந்த கூழை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தது. "பாவம், அங்கயும் இவதான் வேலை பாக்கிறா" என்றார் அப்பா. அத்தை கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தாள். "நான் இவ்வளவு குண்டாவா இருக்கேன்?" என்று முதலில் கோபப்பட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவள், பிறகு இதையும் கேட்டாள்: "எல்லாரும் இருக்கோம். நம்ம பொண்ணை மட்டும் காணோமே?" மாமா மின்விசிறியைப் பார்த்தார். அம்மா தோளில் மாட்டியிருந்த பையை அங்கேயும் இங்கேயும் தேடினாள்.

கூடப் படித்தவர்கள் கணினியில் மரபணுத் தொகுதியைப் படிக்கப் போன பிறகும் அவள் சீசாக்களை விடவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தன் முகத்தைத் தேடினாள். சுவரில் படமாகத் தொங்கும் கொள்ளுத்தாத்தா பிறந்தார். வீட்டை விட்டு ஓடிப்போன சித்தப்பாகூடப் பிறந்தார். பிறந்தவர் பஞ்சின் இடுக்கு வழியாக மறுபடியும் ஓடிவிட்டார். அவள் மட்டும் வரவில்லை. மரபியல் படிக்கிறவளுக்கு இதன் அர்த்தம் புரியாமலா போகும்? பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் நேராகக் கேட்டாள்.

"அம்மா, நான் உன் பொண்ணுதானே?"

"என் பொண்ணுதான். ஆனா நான் பெக்கல. துணியில சுத்தின குழந்தையா உன்னைக் கையில வாங்கினேன்."

"இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?"

"சொன்னா எங்களை விட்டுப் போயிடுவியோன்னு பயம்."

அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. ஓடிப்போன சித்தப்பாவுக்குக்கூட அந்தச் சீசாவில் இடம் இருந்தது என்பதை அவளால் தாங்க முடியவில்லை. இனிமேல் விடுதியிலேயே தங்கிக்கொள்வதாகச் சொல்லி, மறுநாள் காலை துணிகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கினாள். அம்மா தடுக்கவில்லை. காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அழக் கூடாது என்று சிரிக்கப் பார்த்தாள். அப்போது அம்மாவின் இடது கன்னத்தில் குழி விழுந்தது. அந்த வீட்டில் அதுவரை கன்னக்குழி உள்ளவள் மகள் ஒருத்திதான். அவள் அம்மாவின் முகத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள், மறுபடியும் சிரிக்கச் சொன்னாள், மறுபடியும் குழி விழுந்தது. அடுக்கிய துணி அலமாரிக்குத் திரும்பியது.

மழைக்காலத்துக்குள் அப்பாவுக்கு அவளுடைய புருவம் வந்தது. அடுத்த வருடம் மாமாவின் முகவாய் மாறியது. பேராசிரியை வீட்டுக்கே வந்து பார்த்து, மரபு கீழேயிருந்து மேலே ஏறாது என்று அம்மாவின் முகத்துக்கு நேராகவே சொன்னார். பிறகு காபி குடித்துவிட்டுப் போனார். அவள் பட்டம் வாங்கினாள், நல்ல மதிப்பெண்தான். அத்தை கடைசிவரை முரண்டு பிடித்தாள். அவளுக்கும் குழி விழுந்த பிறகு போகிற வருகிறவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண், "உங்க முகம் அப்படியே உங்க பொண்ணு மாதிரி இருக்கே" என்று கேட்டபோது, அம்மா உலர்ந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஆமா, எங்க வீட்டுல எல்லாருக்கும் அவ ஜாடைதான்."