மாதுளைக்குச் சுற்றிய நூல்

சண்முகவடிவுக்கு அணில் என்றாலே ஆகாது. எப்படி ஆகும்? அருப்புக்கோட்டை வெயிலில் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றி வளர்த்த மாதுளை. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் கிருஷ்ணப்ரியாவுக்கு ரத்தம் குறைவு, மாதுளை கொடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அணிலோ சிவந்த பழமாகப் பார்த்துக் குடைந்தது.

"எலிமருந்து வைப்பமா அத்தை?" என்றார் மருமகன் ஆனந்தகுமார்.

"ஆத்தாடி! அப்படிச் சொல்லாதீக மாப்ள. பிள்ளைத்தாச்சி இருக்க வீட்டுல ஒரு உசுரக் கொல்லலாமா? பழி வயித்துப் பிள்ளை மேலல்ல வந்து விடியும்!"

கொல்லாமல் காக்க வழியா இல்லை? வீட்டுக்காரர் நூல் கடை வைத்திருந்தார். தறிக்கழிவு நூல் மூட்டை மூட்டையாய்க் கிடந்தது. பழங்களுக்குப் பழந்துணி சுற்றி, மேலே நூலை வரிந்து கட்டினாள். அணில் பழத்தை விட்டுவிட்டு நூலைப் பிடித்துக்கொண்டது. கடித்து உருவி, வாய் நிறைய அள்ளிக்கொண்டு சன்ஷேடுக்கு ஓடியது.

"கூடு கட்டுதும்மா, பாவம்."

"கட்டட்டும். நமக்கு நூலுக்கா பஞ்சம்?" கிளையிலும் ஒரு பிடி நூலைத் தொங்கவிட்டாள். அவ்வளவு பெருமை!

ஒருநாள் காலையில் சன்ஷேடிலிருந்து ஓயாத கீச்சொலி. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தாள். குட்டிகள் நூலுக்குள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. அவை வளர வளர நூல் இறுக்கியிருக்கிறது. பஞ்சென்றால் பிய்ந்திருக்கும், தறியில் ஓடுகிற முறுக்கு நூல் லேசில் அறுமா? கத்தரியால் இழை இழையாக வெட்டினாள். இரண்டு பிழைத்தன. மூன்றாவதன் கழுத்தில் நூல் பதிந்து, உடம்பு சில்லிட்டிருந்தது. 'அடிப்பாவி, கொன்னுட்டியேடி!' என்று தன்னையே வைதுகொண்டாள்.

"என்னம்மா சத்தம்?" என்று மகள் வாசற்படிக்கு வந்தாள்.

சண்முகவடிவு நூலை முந்தானைக்குள் சுருட்டினாள். "குட்டி ஒண்ணு செத்துக் கெடக்குத்தா. பூனை கடிச்சிருக்கும்."

மகளின் கை வயிற்றுக்குப் போனது. "நம்மளால இல்லையேம்மா?"

"சேச்சே, நம்ம என்ன செஞ்சோம்?"

மகள் நம்பிவிட்டாள். நிம்மதியாக உள்ளே போய், உதிர்த்து வைத்திருந்த மாதுளையைத் தின்ன உட்கார்ந்தாள். சண்முகவடிவு மரத்தடியில் குழி தோண்டிக் குட்டியைப் புதைத்தாள். 'சாமி, பழியை எங்கிட்டத் தீத்துக்க. அவ வயித்தத் தொட்டுறாத' என்று மண் கையோடு கும்பிட்டாள்.

"அம்மா, ஓடியா! பிள்ளை உதைக்குது, கை வச்சுப் பாரு!"

ஓடினாள். மகள் அவள் கையைப் பிடித்து வயிற்றில் வைக்கப் போனாள். சண்முகவடிவு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.