காலரில் தைத்த லோலாக்கு

கண்ணாடி முன் நின்ற பெண் போட்டிருந்த கோட்டின் மூன்றாவது பொத்தானைப் பார்த்ததும் சரளாவின் கையிலிருந்த ஹேங்கர் நழுவிக் கீழே விழுந்தது. கத்தரிப்பூ நிற வெல்வெட் கோட்டு. மற்ற பொத்தான்களெல்லாம் நங்கூரம் பொறித்த பித்தளை. அது மட்டும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக். ஜெலாப்பாங்கில் அவள் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையின் சீருடைப் பொத்தான். இப்போது அவள் மார்பில் வரிசையாக இருப்பதும் அதே பொத்தான்தான். ஷிப்ட் முடிந்து உடுப்பு மாற்றாமல் வந்திருந்தாள். பழைய சீருடை ஒன்றிலிருந்து அதை வெட்டி எடுத்தவள் அவள் தங்கை ஷர்மினி. "என் சட்டைய ஏன்டி பாழாக்குற?" என்று கேட்டதற்கு, "ஒன்னோடது ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும்கா" என்று ஊசியைப் பல்லில் கவ்வியபடி சொன்னாள். அந்தக் கோட்டு போன வருடமே ஆற்றோடு போய்விட்டது. அப்படித்தான் சரளா இத்தனை நாளும் நம்பியிருந்தாள்.

ஈப்போவில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது அந்தப் பண்டல் கடை. ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் இறுக்கிக் கட்டிய மூட்டைகளாக வந்திறங்கும் பழைய துணிகளோடு உள்ளூரில் சேர்ந்தவையும் அங்கே கம்பிகளில் தொங்கும். பூச்சி மருந்தும் பூட்டியே கிடந்த அலமாரியும் கலந்த ஒரு வாசம். லீவு நாட்களில் ஷர்மினி இந்த வாசத்தோடுதான் வீட்டுக்கு வருவாள். "எவ செத்துப் போட்ட துணியோ" என்று சரளா மூக்கைச் சுளிப்பாள். "செத்தவங்களுக்கு நல்ல டேஸ்ட்டு இருந்திருக்குலா" என்பாள் அவள். அவளுக்கென்று ஒரு கணக்கு இருந்தது. மூன்று பழசு, ஒரு புதுசு. அம்மாவின் நூல்சேலையை வெட்டித் தைத்த பாவாடை, முகம் தெரியாத ஜப்பான்காரி போட்டுத் தேய்ந்த கோட்டு, அப்பாவின் ஓடாத கைக்கடிகாரம். புதுசு என்பது பெரும்பாலும் காலுறையாகத்தான் இருக்கும். "ஒண்ணாச்சும் புதுசா இருந்தாத்தான் நான் உசுரோட இருக்கேன்னு நாலு பேருக்குத் தெரியும்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொள்வாள். அவள் போன பிறகு, மூக்கைச் சுளித்த சரளாவே இந்த வாசத்துக்காக மாடி ஏறி வந்துகொண்டிருக்கிறாள். எதையும் வாங்குவதில்லை. கம்பிகளுக்கு நடுவே நடந்துவிட்டுப் போய்விடுவாள்.

அந்தக் கோட்டில் அம்மா இருந்தார். அம்மா காளியம்மா ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஒருநாள் காலை மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்ததில் ஒரு காது லோலாக்கு கழன்று பால்வாளிக்குள் விழுந்திருக்கிறது. பாலை நிறுத்து ஊற்றிய பிறகுதான் காதைத் தடவிப் பார்த்திருக்கிறார். அதற்குள் அது மற்றவர்கள் பாலோடு கலந்து தொட்டிக்குப் போய்விட்டது. "ஜப்பான்ல எவன் காரு டயர்லயோ என் லோலாக்கு ஓடிக்கிட்டு இருக்கு" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த ஒன்றை அவர் போடவும் இல்லை, அழித்து வேறு நகை செய்யவும் இல்லை. படுக்கையில் கிடந்தபோது அதை ஷர்மினியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

ஷர்மினியை டிங்கிக் காய்ச்சல் கொண்டுபோனது. தோட்டத்து இடுகாட்டில், சுற்றிலும் இப்போது செம்பனை அடர்ந்து நிற்கும் இடத்தில், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பக்கத்தில் அவளை வைத்தார்கள். பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிந்ததும், இறந்தவள் ஆசையாக உடுத்தியதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்று உறவில் மூத்தவர்கள் சொன்னார்கள். கோட்டை மடித்துப் பையில் வைத்தவள் சரளாதான். தம்பி விக்னேஸ்வரன் பையைத் தூக்கிக்கொண்டு பெர்ணம் ஆற்றுக்குப் போனான். காலெல்லாம் சேறாக, வெறுங்கையோடு திரும்பி வந்தான். லோலாக்கைத் தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். டப்பாக்கள், தலையணை உறைகள், அரிசி வாளி என்று எதிலும் இல்லை. பல மாதங்கள் கழித்து, தங்கை இணையத்தில் போட்டு வைத்திருந்த காணொளிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் தைரியம் வந்தபோது விடை கிடைத்தது. இதே கோட்டைப் போட்டுக்கொண்டு, காலரின் பின்பக்கத்தைத் தடவிக் காட்டிச் சிரிக்கிறாள். "அம்மாவோட லோலாக்க இதுக்குள்ள வெச்சு தெச்சிட்டேன். வெளிய தெரியாது. கழுத்துல லேசா குத்திக்கிட்டே இருக்கும், அம்மா கூப்பிடுற மாதிரி. ஜப்பான் கோட்டுல்ல, அங்க ஒண்ணு ஓடுது, இங்க ஒண்ணு. சோடி சேந்திருச்சு." அன்றிலிருந்து எந்த ஆற்றுப் பாலத்தைக் கடந்தாலும் சரளா கீழே தண்ணீரைப் பார்ப்பதில்லை.

"அக்கா, தமிழ்தானே? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

கண்ணாடிக்குள்ளிருந்து அந்தப் பெண் அவளைத்தான் கூப்பிட்டாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் சிலுவையோடு ஒரு பெரிய மோதிரமும் தொங்கியது. கோட்டுக்குள்ளே இடுப்பைப் பிடித்துத் தைத்த பழைய வெள்ளை கவுன். காலில் மட்டும் புத்தம்புதுச் சப்பாத்து. வேண்டாம் வேண்டாமென்று நினைத்தும் சரளா எண்ணிப் பார்த்தாள். மூன்று பழசு, ஒரு புதுசு.

"என்னா விசேஷம்?" என்று கேட்டாள்.

"நாளைக்குக் கல்யாணம் ரெஜிஸ்தர் பண்ணப் போறோம்கா. நானும் தேவனும்." சொல்லும்போதே அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. "சர்ச்சுல கட்டலன்னு எங்கப்பா வர மாட்டேனுட்டாரு. கூட நின்னு ஜோடிக்க அம்மாவும் இல்ல, அதான் தெரியாதவங்கள எல்லாம் தொந்தரவு பண்றேன். என் பேரு கார்மென்."

சரளா அவள் பின்னால் போய் நின்றாள். காலர் ஒரு கை தூரத்தில் இருந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அதைக் கழட்டு, அது என் தங்கை உடுத்தியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவள் தீயை மிதித்தவள்போலக் கழற்றி எறிந்துவிடுவாள். ஆனால் நாளைக்கு மாலை மாற்றப் போகிற பெண்ணின் முகத்துக்கு நேராக இறந்தவள் துணி என்று எந்த வாயால் சொல்வது? அந்த வார்த்தை இவளோடு பதிவு அலுவலகம்வரை போகும். வீட்டில் ஏதாவது கெட்டது நடந்தால் இவள் வாழ்நாள் முழுக்க அதை நினைத்துக்கொள்வாள். சொல்லக்கூடாது. சொல்லாமல் கழற்ற வைக்க வேண்டும்.

"இந்த வெயில்ல வெல்வெட்டா? அவிஞ்சி போயிருவ."

"அங்க ஏர்கோன் இருக்குகா."

"கக்கத்துல பூச்சி அரிச்சிருக்கு பாரு."

"கைய தூக்குனாத்தான தெரியும். கையெழுத்துப் போடப் போறேன், பேட்மிண்டன் ஆடவா போறேன்?"

"அந்தப் பச்சைய ஒரு தடவ போட்டுப் பாரேன். ஒன் நிறத்துக்கு எடுப்பா இருக்கும்."

கார்மென் திரும்பி நேராகப் பார்த்தாள். சிரிப்பு போகவில்லை, ஆனால் கண் கூர்மையாகிவிட்டது. "அக்காவுக்கு இது வேணும்போல இருக்கு. வாயத் தொறந்து கேட்டுருங்கலா. ஆனா தர மாட்டேன். மொதல்ல கைய வெச்சவங்களுக்குத்தான் சொந்தம், பண்டல் கடைல அதான் சட்டம்."

சரளா படிக்கட்டுப் பக்கம் போய் விக்னேஸ்வரனைக் கைபேசியில் கூப்பிட்டாள். அவன் லாரியில் இருந்தான். இரைச்சல் கேட்டது.

"டேய், ஷர்மினி பைய நீ ஆத்துலதான விட்ட?"

"இப்ப எதுக்குகா அது?"

"ஆத்துலதான விட்ட?"

லாரியை ஓரமாக நிறுத்துகிற சத்தம். "ஆத்தங்கரைக்குப் போனேன்கா. சத்தியமா போனேன். அங்க ரெண்டு பேரு தூண்டில் போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தானுங்க. பைய தூக்குனதும் ஒருத்தன் கத்துறான், ஓய், குப்பைய ஆத்துல போடாதன்னு. குப்பைன்றான்கா அவ துணிய." குரல் அறுந்து மறுபடி வந்தது. "பைய விட்டுக் கைய எடுக்க முடியல. வர்ற வழியில பெட்ரோல் ஸ்டேசன்ல பழைய துணி போடுற பெட்டி இருந்துச்சு. இல்லாதவங்க யாராச்சும் உடுத்தட்டும்னு போட்டுட்டேன். ஒங்கிட்ட எப்படிச் சொல்றது? ஏன்கா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. பாத்து ஓட்டு."

கோபம் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். லோலாக்கு தண்ணீருக்கடியில் இல்லை. இதோ, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

உள்ளே போனபோது கார்மென் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னமோ குத்துது" என்று தனக்குள்ளே சொன்னவள் கல்லாவில் இருந்த மலாய்க்கார அம்மாளிடம் கத்திரி கேட்டாள். அந்த அம்மாள் கைபேசியிலிருந்து கண்ணெடுக்காமல் மேசைமேல் ஒரு கத்திரியைத் தள்ளிவிட்டாள். கார்மென் கோட்டைக் கழற்றாமலே, ஒரு கையால் காலரை இழுத்துப் பிடித்து, மறுகையால் கத்திரியின் முனையை உள்ளே விடப் பார்த்தாள். முனை காலரின் மடிப்புக்கும் கழுத்துக்கும் நடுவே வழுக்கியது.

"வெட்டாத."

சரளா நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. கல்லாவில் இருந்த அம்மாள் தலையைத் தூக்கினாள்.

"ஏன்கா?"

"அது என் தங்கச்சி கோட்டு." சரளா தன் சட்டையின் பொத்தானைத் தொட்டாள். பிறகு விரலை நீட்டிக் கோட்டின் மூன்றாவது பொத்தானைக் காட்டினாள். கார்மென் குனிந்து ஒன்றைப் பார்த்தாள், நிமிர்ந்து மற்றதைப் பார்த்தாள். "காலருக்குள்ள எங்கம்மா லோலாக்கு இருக்கு. ஒண்ணுதான் இருக்கும். தெரியாம பெட்டில போட்டுட்டாங்க."

கார்மென் உடனே நம்பிவிட்டதுபோலத் தெரியவில்லை. கத்திரியை மார்போடு பிடித்துக்கொண்டு யோசித்தாள். "சரி, தங்கச்சியக் கூப்பிடுங்க. நான் பேசுறேன். அவங்க வேணும்னு சொன்னா கோட்டயே கழட்டிக் குடுத்துர்றேன். எனக்கு வேற கெடைக்காமயா போயிரும்?" தன் கைபேசியை எடுத்து நீட்டினாள். "நம்பரு சொல்லுங்க."

மேலே காற்றாடி கிறீச்சிட்டபடி சுற்றியது. கார்மென் நீட்டிய கைபேசியைச் சரளா பார்த்தாள். அந்த எண் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். இப்போது அதை அழுத்தினால் வேறு யாரோ ஒரு ஆண் எடுக்கிறான். இரண்டு முறை கேட்டிருக்கிறாள்.

"அவ ஹுத்தான் மெலிந்தாங்ல இருக்கா" என்றாள்.

"அங்க லைன் கெடைக்குமே."

கிடைக்காதென்று சரளா தலையை ஆட்டினாள். எவ்வளவு அடக்கியும் முகம் காட்டிக்கொடுத்துவிட்டதென்று அவளுக்கே தெரிந்தது.

நீட்டிய கை மெல்லக் கீழே இறங்கியது. கார்மெனின் மறுகை தானாகச் சங்கிலிக்குப் போய், அந்தப் பெரிய மோதிரத்துக்குள் சுண்டுவிரலை நுழைத்துக்கொண்டது. அது அவள் விரல் எதற்கும் பொருந்தாத மோதிரம், யாரோ தடித்த விரல்காரியுடையது. விரல் அதற்குள் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் அவள் கண்ணாடியைப் பார்த்தாள், தன் முகத்தை அல்ல, கோட்டை. தோளை, கையை, பொத்தான்களை. கை முதல் பொத்தானுக்குப் போனது. அதைக் கழற்றினாள். இரண்டாவதையும் கழற்றினாள். நான் பயந்தது நடக்கிறது, நாளைக்குக் கல்யாணம் கட்டப் போகிறவள் தலையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன் என்று சரளா நினைத்தாள்.

மூன்றாவது பொத்தானில் விரல் நின்றது. சாம்பல் நிறத்தை ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டு, கார்மென் மற்ற இரண்டையும் மறுபடி போட்டாள். கத்திரியைத் திருப்பி, பிடி சரளாவின் பக்கம் வரும்படி நீட்டினாள். முதுகைக் காட்டி நின்று, கூந்தலை இரண்டு கையாலும் அள்ளி மேலே தூக்கிப் பிடித்தாள்.

"கழட்டுனா மறுபடி போட எனக்கு தைரியம் வராதுகா. போட்டாப்லயே பிரிச்சிருங்க."

"குத்திரப் போவுது."

"அப்ப நடுங்காம பிரிங்க."

சரளா காலரைத் திருப்பினாள். உட்புறத்தில் சிவப்பு நூலில் கோணல்மாணலான தையல். ஷர்மினிக்கு எப்போதுமே நேராகத் தைக்க வராது. கட்டை விரலுக்கு அடியில் அது தட்டுப்பட்டது, சின்னதாக, கெட்டியாக, அந்தப் பெண்ணின் உடம்புச் சூடு ஏறி. ஒரு தையலை வெட்டினாள். பிடரியின் பூனைமயிர் சரளாவின் மூச்சுக்கு அசைந்தது.

"ஆடாத."

"ஆடல. நீங்கதான் ஆடுறீங்க."

அடுத்ததை வெட்டினாள். அதற்கடுத்ததில் நூலோடு நூலாக ஒரு நீண்ட முடி சிக்கியிருந்தது. கார்மெனின் முடி தோள்வரைதான். இது அதைவிட நீளம், ஷர்மினியின் நீளம். சரளா அந்தத் தையலை விட்டுவிட்டு அதைத் தாண்டிப் போனாள். கடைசியில் அந்தத் தையல் ஒன்று மட்டும் மிஞ்சியது.

"எடுத்துட்டீங்களா?" என்று குனிந்த தலையோடு கேட்டாள் கார்மென்.

சரளா கண்ணாடியைப் பார்த்தாள். தூக்கிப் பிடித்த காலரிலிருந்து வெளியே வந்த லோலாக்கு சிவப்பு நூலும் ஒற்றை முடியும் பிடித்திருக்க, அந்தப் பெண்ணின் காதோரம் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கத்திரி திறந்தபடி அதன் பக்கத்தில் நின்றது.