துண்டுக்குள் இரண்டரை

சரீபின் சுட்டுவிரல் ஒரு இலட்சம் ரூபாய். நடுவிரலும் சேர்ந்தால் இரண்டு. பெருவிரலுக்கு விலையில்லை, அது பிடிப்பதற்கு மட்டும்.

ஏறாவூர் வாவிக்கரையில் மாடு விற்கிறவர்களின் கணக்கு இது. வாங்குகிறவனும் விற்கிறவனும் வலக்கையைக் கொடுப்பார்கள், மேலே ஒரு துண்டு விழும். வாங்குகிறவன் எத்தனை விரலைப் பிடிக்கிறானோ மாட்டுக்கு அத்தனை இலட்சம். விற்கிறவன் தன் பிடிபட்ட விரலை மடக்கி வாங்குகிறவன் உள்ளங்கையில் ஊன்றினால் 'இன்னும் அரை வை' என்று பொருள். விரல் தளர்ந்தால், பிடித்த விலைக்கே சம்மதம். அதற்குப் பிறகு பேச்சில்லை. சுற்றி நிற்பவர்களுக்குத் தெரிவது இரண்டு முகங்கள்தான். அவை மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

அந்தத் துண்டுக்குள் சரீபை ஏமாற்றிய மனிதர் இல்லை. ஏமாற்றியது ஒரு லொறித் தகரம். கிரானில் வாங்கிய எட்டுக் காளைகளை இறக்கும்போது ஒன்று முரண்டு பிடித்தது. கயிற்றோடு போன வலக்கை கிழிந்த தகரத்தில் இழுபட்டு, சுட்டுவிரலையும் நடுவிரலையும் மடக்குகிற தசைநாண்கள் அறுந்தன. ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இருந்தது ஆறு கிழமை, ஆறே வாரம். ஆண்டு முழுக்கச் சோறு போடுகிற வியாபாரம் அந்தப் பெருநாளுக்கு முந்திய சந்தைதான்.

கைக்குப் பயிற்சி கொடுக்கிற அஜந்தா, புறங்கையில் பிளாஸ்டிக் தாங்கி ஒன்றை வைத்துக் கட்டினாள். ஊர் வழக்கப்படி அவளுக்கும் அவர் காக்கா, அண்ணன்.

"பன்னிரண்டு கிழமைக்கு இறுக்கிப் பிடிக்க ஒண்ணா, காக்கா."

"ஆறாக்குங்க, மிஸ்."

"இது மாட்டுச் சந்தையில்ல."

"சரி, எட்டு. நீங்களும் இறங்கி வாங்க. அதான் நூல் போட்டுத் தைச்சாச்சே, பிறகென்ன?"

அஜந்தா சிரிக்கவில்லை. "நூல் கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். ஒட்ட வைக்கிறது உள்ளுக்கிருக்கிற உயிர்க்கலம். ஒவ்வொரு கலமும் சுத்தியிருக்கிற நாரைப் புரதத்தால புடிச்சுக்கொண்டு நிக்குது. அந்தப் பிடியில தாலின் எண்டு ஒரு புரதம், மடிஞ்சு மடிஞ்சு கிடக்கும். நார் மெல்ல இழுபட்டா ஒரு மடிப்பு விரியும். விரிஞ்ச இடத்தில வின்கியூலின் எண்டு இன்னொண்டு வந்து புடிச்சுக்கொள்ளும். பிடி இறுகும். 'இழுவை இருக்கு, நார் செய்' எண்டு உள்ளுக்குச் சேதி போகும். இழுவையே இல்லாட்டிக் கலம் சோம்பிப் போகும்."

சரீபின் முகம் மலர்ந்தது. "அப்ப அதுகளும் துண்டுக்குள்ளதான் பேசுது!"

துண்டு வியாபாரத்தை அவர் விளக்க, இப்போது அவளே சிரித்துவிட்டாள். "அதேதான். ஆனா மெல்ல, காக்கா. கலம் நாரைச் செய்து முடிக்கக் காலம் வேணும். அதுக்குள்ள பலமா இழுத்தா தையல் புடுங்கிக்கொண்டு போயிரும்."

வியாபாரியின் காது இலாபம் கேட்டதோடு மூடிக்கொள்ளும். சரீப் முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

தாங்கியைக் கழற்றிவிட்டுக் கதவுப் பிடியை மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவரை மனைவி ஸஹீதா கண்டாள்.

"இஞ்சாருங்க, கைய என்ன செய்றீங்க?"

"இழுக்க இழுக்க இறுகும், புள்ள. மிஸ்தான் செல்லிச்சி."

"மிஸ் பன்னிரண்டு கிழமை எண்டும் செல்லிச்சே."

"அது கேக்கிற விலை."

விரல் நுனிகள் மடங்கத்தான் செய்தன. அதுதான் வினையாகிப் போனது.

பெருநாளுக்கு முந்திய சந்தை நாளில் தாங்கியை லொறிக்குள் போட்டுவிட்டு இறங்கினார். கட்டுப்போட்ட கையைக் கண்டால், அவசரக்காரன் என்று விலையை இறக்குவார்கள். இடக்கையை நீட்டலாமென்றால், எதிரில் நிற்பவனைச் செருப்பால் அடித்ததற்குச் சமம். மாடு ஒன்று இரண்டே கால் இலட்சத்துக்கு வாங்கியது. இரண்டரைக்குக் குறையாமல் போனால் பிழைக்கலாம்.

ஓட்டமாவடி றிஸான் வந்தான், எட்டு மாட்டையும் ஒரே விலைக்குக் கேட்டான். துண்டு விழுந்தது. அவன் இரண்டு விரலைப் பிடித்தான்.

"வாகரைப் பக்கம் மழையாமே, காக்கா?"

"ராத்திரி பேஞ்சதாம், மச்சான்," என்றார் சரீப். விரல்களை மடக்கி ஊன்றினார். அரை.

றிஸான் இன்னும் இறுக்கி, விரல்களை நிமிர்த்தப் பார்த்தான். அதுதான் முறை, அதில் அவன் தப்பு ஒன்றுமில்லை. உள்ளே மடிப்புகள் விரிகின்றன, பிடி இறுகுகிறது என்று சரீப் நினைத்துக்கொண்டார். இருந்த பலத்தையெல்லாம் திரட்டி ஊன்றினார்.

சத்தம் எதுவும் இல்லை. நனைந்த கயிறு பிடிநழுவி ஓடுவதுபோல் உள்ளங்கைக்குள் ஏதோ மணிக்கட்டை நோக்கி ஓடியது. இரண்டு விரல்களும் றிஸானின் பிடிக்குள் செத்த மீன்களாகக் கிடந்தன.

தளர்ந்துவிட்டன.

"அல்ஹம்துலில்லாஹ்!" றிஸான் துண்டை உருவினான். "காக்காட மனசு இண்டைக்கு இளகிட்டுது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கை அறுந்துவிட்டது என்று சொல்ல சரீபின் வாய்வரை வந்தது. சொன்னால், தளர்ந்த விரலுக்கு இனி ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். துண்டு வெறும் துணியாகிவிடும். முகத்தை மாற்றாமல், "கட்டவிழ்த்துக் கொண்டு போங்க, மச்சான்," என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அஜந்தா விரல் நுனிகளை மடக்கச் சொன்னாள். மடங்கவில்லை.

"இழுத்தா இறுகும் எண்டீங்களே, மிஸ்."

"இறுகிக்கொண்டுதான் இருந்திருக்கும், காக்கா. அதுகள் வேலைய முடிக்க முதல் நீங்க விலை பேசிட்டீங்க." அவள் அந்தக் கையைத் தன் கைக்குள்ளேயே வைத்திருந்தாள். "வேற இடத்தில இருந்து நாண் எடுத்து வச்சுப் பாக்கலாம். பழையபடி மடியும் எண்டு நான் சொல்ல மாட்டன். மாதக்கணக்கில போகும்."

இந்த முறை அவர் குறைத்துக் கேட்கவில்லை.

வீட்டில் ஸஹீதா சோற்றைப் பிசைந்து அவர் வாயில் வைத்தாள். தாங்கிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களைப் பார்க்காமலே கேட்டாள்:

"எவ்வளவு போச்சு?"

எட்டு மாடு. மாட்டுக்குக் கால் இலட்சம் நட்டம். மொத்தம் இரண்டு இலட்சம். துண்டுக்குள் சொல்வதென்றால் சுட்டுவிரலும் நடுவிரலும்.